ஊராட்சி ஒன்றியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராம சபைக் கூட்டத்திலும் ஒன்றிய அலுவலக வராந்தாவிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களின் தொகுப்பு இது. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே உள்ளன. பதில்கள் தமிழ்நாட்டுக்கு மட்டும் பொருந்தும்; 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமே அவற்றுக்கு அடிப்படை.

1. யூனியன், பஞ்சாயத்து, தாலுகா எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. கிராம ஊராட்சிதான் அடித்தட்டு. பல ஊராட்சிகள் சேர்ந்தால் ஊராட்சி ஒன்றியம், அதாவது யூனியன். ஒரு மாவட்டத்து ஒன்றியங்கள் எல்லாம் சேர்ந்தால் மாவட்ட ஊராட்சி. மூன்றுமே தேர்தல் நடக்கும் மன்றங்கள். 2019 தேர்தல் காலக் கணக்கில் மாநிலத்தில் 388 ஒன்றியங்களும் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகளும் இருந்தன. அதன்பின் சில ஊராட்சிகள் மாநகராட்சி, நகராட்சிகளோடு சேர்க்கப்பட்டுவிட்டன.

தாலுகா (வட்டம்) வருவாய்த் துறையின் பிரிவு. அங்கே தேர்தல் கிடையாது, வட்டாட்சியர்தான் உண்டு. தாலுகா எல்லையும் ஒன்றிய எல்லையும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரே தாலுகாவுக்குள் இரண்டு ஒன்றியங்கள் இருக்கலாம். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் இரண்டு ஊராட்சிகளும் இருக்கலாம். விண்ணப்பத்தில் ‘வட்டம்’, ‘ஒன்றியம்’ என்ற இரண்டு கட்டங்களிலும் ஒரே பெயரை எழுதிவிட்டு மனு திரும்பி வருவது இதனால்தான். பேரூராட்சி இந்த ஏணியிலேயே வராது. அது நகர்ப்புற உள்ளாட்சி. ஒன்றியத்துக்கு அதன்மேல் அதிகாரம் இல்லை.

2. இந்த வேலைக்கு விஏஓகிட்ட போகணுமா, பஞ்சாயத்து கிளார்க்குகிட்ட போகணுமா?

நிலம் என்றால் கிராம நிர்வாக அலுவலர். வீடு, தண்ணீர், தெரு என்றால் ஊராட்சி. பட்டா, சிட்டா, அடங்கல், புறம்போக்கு ஆக்கிரமிப்பு, சாதி மற்றும் வருமானச் சான்றுக்கான விசாரணை ஆகியவை வருவாய்த் துறை வேலைகள். வீட்டு வரி, குழாய் இணைப்பு, தெருவிளக்கு, குப்பை, சாக்கடை, கட்டட அனுமதி ஆகியவை ஊராட்சியின் பொறுப்பு.

ஒன்று மட்டும் பலரை ஏமாற்றும். கிராமத்தில் நடக்கும் பிறப்பு, இறப்பைப் பதிவு செய்பவர் விஏஓதான், ஊராட்சிச் செயலர் அல்ல. ரேஷன் கடை இரண்டு பேரிடமும் இல்லை. பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறது.

3. யூனியன் ஆபீசில் ரெண்டு பிடிஓ எதுக்கு?

ஒருவர் வட்டார வளர்ச்சி அலுவலர் (வட்டார ஊராட்சி). இவர்தான் ஒன்றியத்தின் ஆணையர். ஒன்றியக் குழுக் கூட்டம், ஒன்றிய நிதி, ஒன்றியச் சாலை ஆகியவை இவர் மேசை. மற்றவர் வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி). ஒன்றியத்திலுள்ள எல்லா ஊராட்சிகளின் கணக்கையும் வேலையையும் கண்காணிப்பவர் இவர். இவருக்குக் கீழே மண்டலத் துணை வட்டார வளர்ச்சி அலுவலர்கள் சில ஊராட்சிகளைப் பிரித்துக்கொண்டு பார்ப்பார்கள்.

ஆகவே தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை, தலைவர் கண்டுகொள்ளவில்லை என்றால் மனுவில் ‘கி.ஊ.’ என்று குறிப்பிட்டு எழுதுங்கள். வெறுமனே ‘பிடிஓ அவர்கள்’ என்று எழுதிய மனு இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு வாரம் கிடப்பது சகஜம்.

4. குடவோலை காலத்திலிருந்தே நமக்கு இந்தப் பஞ்சாயத்து இருக்குதுங்கிறாங்களே, உண்மையா?

பாதி உண்மை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) இருக்கின்றன. ஊரை 30 குடும்புகளாக (இன்றைய வார்டு மாதிரி) பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஆட்டை (ஆண்டு) வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றுக்கு ஆள் எடுத்த முறையை அவை விவரிக்கின்றன. ஆனால் அது பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக விடப்பட்ட ஊரின் சபை. கால் வேலிக்கு (வேலி என்பது நில அளவு) மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் வேண்டும். வயது 35 முதல் 70 வரை. உழுகிறவனுக்கும் பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. அந்தச் சபையிலிருந்து இன்றைய ஊராட்சிக்கு அறுபடாமல் வந்த வாரிசு வரிசையும் இல்லை.

இன்றும் எடுத்து ஒட்ட வேண்டிய விதி ஒன்று அதில் உண்டு: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வர முடியாது.

5. தாத்தா ‘ஜில்லா போர்டு ரோடு’ம்பாரு. அந்த போர்டு என்னாச்சு?

நம் இன்றைய அமைப்பின் உண்மையான மூதாதை அதுதான். 1882இல் வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் உள்ளாட்சித் தீர்மானம், அடுத்து 1884ஆம் ஆண்டு சென்னை உள்ளாட்சிச் சட்டம். அதன்படி மாவட்டத்துக்கு ஜில்லா போர்டு, தாலுகாவுக்குத் தாலுகா போர்டு, சில கிராமங்களைச் சேர்த்து ‘யூனியன்’ என்று மூன்று படிகள் வந்தன. அன்றைய யூனியன் வேறு, இன்றையது வேறு. பழைய ஆவணம் படிக்கிறவர்கள் குழம்பும் இடம் இது. 1920இல் உள்ளாட்சிக்கும் கிராமப் பஞ்சாயத்துக்கும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. 1934இல் தாலுகா போர்டுகள் கலைக்கப்பட்டன.

ஜில்லா போர்டுகள் சாதாரண ஆட்கள் இல்லை. சாலை, மருத்துவமனை, உயர்நிலைப் பள்ளி, சத்திரம் எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. தஞ்சாவூர் ஜில்லா போர்டு ரயில் பாதையே போட்டது. மாயவரம்–முத்துப்பேட்டை வரை 1894இல் வண்டி ஓடியது. நீதிக்கட்சியின் ஏ.டி. பன்னீர்செல்வம் அந்த போர்டின் தலைவராக இருந்தவர். ராமநாதபுரம் ஜில்லா போர்டில் இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளுக்கு எதிராக அந்தப் பதவியின் அதிகாரத்தையே பயன்படுத்தினார்.

காமராஜர் முதல்வராக இருந்தபோது 1958ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஜில்லா போர்டுகள் போயின. சமுதாய வளர்ச்சித் திட்டத்துக்காக 1952 முதல் வகுத்து வைத்திருந்த வட்டார எல்லைகளை ஒட்டியே, 1960–61இல் படிப்படியாக ஊராட்சி ஒன்றியங்கள் பிறந்தன. ஒன்றியத்தை இன்னும் ‘பிளாக்’ என்று சொல்வது அந்த மிச்சம்தான். மாவட்ட அளவில் அதிகாரம் மெலிந்து ஒன்றியம் பலசாலியானதும் அப்போதுதான். இன்றும் மாவட்ட ஊராட்சித் தலைவரைவிட ஒன்றிய சேர்மனைத்தான் ஊர் தேடிப் போகிறது.

6. பலகையில் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ன்னு இருக்கே, வாத்தியார் சம்பளம் யூனியனா கொடுக்குது?

ஒருகாலத்தில் கொடுத்தது. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர்களாக்கப்பட்டார்கள். நியமனம், மாறுதல், சம்பளம் எல்லாம் கல்வித் துறை. கட்டடமும் சுற்றுச்சுவரும் கழிப்பறையும் இன்னும் ஒன்றியத்தின் பொறுப்பு. ஓடு உடைந்தால் ஒன்றியத்துக்கும், ஆசிரியர் வராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மனு போக வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் இரண்டும் நடக்காது.

7. நாலு சீட்டு கையில கொடுக்கிறாங்க. எது யாருக்கு?

2019 தேர்தலில் இருந்தபடி: கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை (ஒரே சாவடியில் இரண்டு வார்டு இருந்தால் ஒன்றுக்கு நீலம்), ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டில் கட்சிச் சின்னம் கிடையாது. பின் இரண்டில் உண்டு. இயந்திரம் இல்லாத வாக்குச்சீட்டு என்பதால் முத்திரை எங்கே விழுகிறது என்பது முக்கியம். இரண்டு சின்னங்களுக்கும் நடுக்கோட்டில் குத்தி, யாருக்கென்று தெரியாமல் போனால் அந்த ஓட்டு செல்லாது. சில வாக்குகளில் வெற்றி தோல்வி முடிவாகும் வார்டுகளில் இது சின்ன விஷயமில்லை.

ஒன்றியக் கவுன்சிலர் வார்டு சுமார் 5,000 மக்களுக்கு ஒன்று, மாவட்ட வார்டு சுமார் 50,000 பேருக்கு ஒன்று. சேர்மனையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் நாம் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. கவுன்சிலர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். மறைமுகத் தேர்தலுக்கு முந்தைய நாட்களில் கவுன்சிலர்கள் ‘சுற்றுலா’ போவதற்குக் காரணம் இதுவே.

8. நிக்கணும்னா எவ்வளவு கட்டணும்?

21 வயது நிரம்பி, அந்த உள்ளாட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 2019இல் வைப்புத்தொகை: வார்டு உறுப்பினருக்கு ரூ.200, தலைவருக்கு ரூ.600, ஒன்றியக் கவுன்சிலருக்கு ரூ.600, மாவட்டக் கவுன்சிலருக்கு ரூ.1,000. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்குப் பாதி. அந்த ஊராட்சியிலேயே ஒப்பந்தப் பணி எடுத்து நடத்திக்கொண்டிருப்பவர் நிற்க முடியாது. பணியை முடித்துக் கணக்கைத் தீர்க்காமல் மனுத் தாக்கல் செய்தால் பரிசீலனை நாளில் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுக்கும்.

9. ஊர் கூடி தலைவர் பதவியை ஏலம் விட்டா, கோயிலுக்குத்தானே பணம் போகுது, தப்பா?

தப்பு. குற்றம். பணம் எங்கே போகிறது என்பது கேள்வியே இல்லை.

10. நம்ம ஊரு ஏன் பொம்பளைங்களுக்கு, இல்லேன்னா எஸ்சிக்கு ஒதுக்கினாங்க? எப்ப மாறும்?

தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி இடங்கள். பெண்களுக்கு முதலில் மூன்றில் ஒன்று. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பாதி. இந்த ஒதுக்கீடு சுழற்சியில் வரும். ‘நம்ம ஊருக்கு மட்டும் ஏன்’ என்பதற்கு இதுதான் பதில்.

இதை ஏற்காத ஊர்கள் இருந்தன. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு தனி ஊராட்சிகளில் 1996 தொடங்கிப் பத்தாண்டுகள் முறையான தலைவர் இல்லை. ஒன்று வேட்புமனு வராது, அல்லது வென்றவர் உடனே ராஜினாமா செய்வார். 2006இல்தான் அங்கே தேர்தல் நடந்து தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மேலவளவில் 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒதுக்கீட்டை வெறும் எண்ணிக்கையாகப் பேசுகிறவர்கள் இந்த ஊர்ப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

11. தலைவர் அந்தம்மா. ஆனா கூட்டத்துல அவங்க வீட்டுக்காரர்தான் உட்காருறாரு. சரியா?

சரியில்லை. கணவர், மகன், முன்னாள் தலைவர் என யாருக்கும் அந்த இருக்கையில் உரிமை கிடையாது. கோப்பைத் தொடவும் கூடாது. கிராம சபையில் அவர் மேடையில் இருந்தால், ‘தலைவர் பேசட்டும்’ என்று ஒருவர் எழுந்து சொன்னாலே பாதி சரியாகும். மீதிக்கு, தேதியும் கூட்டமும் குறிப்பிட்டு மாவட்ட ஆட்சியருக்கு எழுத வேண்டும். நம் சட்டத்தில் கிராம ஊராட்சியின் நிர்வாக அதிகாரியே தலைவர்தான். பின்னால் தணிக்கையில் தொகை வசூலாகும்போது கையெழுத்துப் போட்ட அந்தம்மா பெயரில்தான் வரும், வீட்டுக்காரர் பெயரில் வராது.

12. பஞ்சாயத்துக்குப் பணம் எங்கிருந்து வருது?

சொந்த வருமானம், பங்கு, மானியம் என மூன்று வழி. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம், மீன்பாசி ஏலம், சந்தை ஏலம் ஆகியவை சொந்த வருமானம். பத்திரப்பதிவில் வரும் முத்திரைத் தீர்வை மேல்வரியும் கனிமத் தொகையும் பங்கு. ஊர் எல்லையில் மனைகள் விற்றால் முதலாவதும், கல்குவாரி இருந்தால் இரண்டாவதும் கூடும். பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகளில் ஒன்று பணக்காரியாகவும் ஒன்று ஏழையாகவும் இருப்பது இதனால்தான். மானியம் என்பது மாநில நிதிக்குழுவும் மத்திய நிதிக்குழுவும் தருவது. ஐந்தாவது மாநில நிதிக்குழுக் காலத்தில் ஊரக உள்ளாட்சிப் பங்கை ஊராட்சி, ஒன்றியம், மாவட்டம் என்று 55:37:8 ஆகப் பிரித்தார்கள். ஐந்தாம் பதிலில் மாவட்ட ஊராட்சி மெலிந்தது என்று சொன்னதற்கு இந்த 8 சாட்சி.

மத்திய நிதியை நினைத்தபடி செலவழிக்க முடியாது. பதினைந்தாவது நிதிக்குழுவின் 2021–26 மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று ஒதுக்கப்பட்டது. ‘பணம் இருக்கே, ஏன் ரோடு போடல’ என்று தலைவரிடம் சண்டை போடுமுன் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கேளுங்கள். 1ஆம் கணக்கு ஊராட்சி நிதி, 2ஆம் கணக்கு மின்கட்டணமும் குடிநீர் வாரியக் கட்டணமும், 3ஆம் கணக்கு திட்டப் பணிகள். 2ஆம் கணக்குப் பணத்தில் மண்வெட்டிகூட வாங்க முடியாது.

13. தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் சண்டை. அதனால மோட்டார் ரிப்பேர் ஆகலேங்கிறாங்க. என்ன சம்பந்தம்?

ஊராட்சிப் பணம் வெளியே போக இருவர் ஒப்புதலும் வேண்டும். காசோலை என்றால் இரண்டு கையெழுத்து, இணையவழி என்றால் இருவரின் மின்னணுக் கையொப்பமும். துணைத் தலைவர் மறுத்தால் மோட்டார் சரிசெய்தவருக்குப் பணம் போகாது. அடுத்த முறை அவர் வரமாட்டார். சம்பளம் நின்றால் தொட்டி இயக்குபவர் வால்வைத் திறக்கமாட்டார். மூன்றே வாரத்தில் சண்டை குழாய்க்கு வந்துவிடும்.

இதற்கு வழி சட்டத்தின் 203ஆம் பிரிவு. மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். பொதுநலனுக்கு அவசரம் என்று கண்டால் கையெழுத்து அதிகாரத்தை எடுத்து, வட்டார வளர்ச்சி அலுவலர் (கி.ஊ.) போன்ற அலுவலர்களிடம் தற்காலிகமாகக் கொடுப்பார். மனுவில் சண்டைக் கதையை எழுதாமல், எத்தனை நாளாக எத்தனை வீட்டுக்குத் தண்ணீர் இல்லை, எந்தப் பட்டியல் நிற்கிறது என்று எழுதினால் வேகமாக நகரும்.

14. கிராம சபைக்கு எத்தனை பேர் வந்தா செல்லும்?

ஊர் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாட்கள் இருந்தன. 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 சேர்ந்து ஆறு. ஏழு நாட்களுக்கு முன் அறிவிப்பு வர வேண்டும். ஊராட்சியின் வாக்காளர் எல்லோரும் உறுப்பினர்கள்.

கெட்டுப்போகும் இடம் தீர்மானப் புத்தகம். வந்தவுடன் கையெழுத்து வாங்கிவிட்டு, பேசியதைப் பிறகு ‘சாவகாசமாக’ எழுதிக்கொள்வார்கள். கையெழுத்துகள் ஒரு பக்கத்தில், தீர்மானம் சில நாள் கழித்து முந்தைய பக்கத்தில். ஆகவே கோரிக்கையை இரண்டு பிரதியாக எழுதிக் கொண்டுபோய், ஒன்றைக் கொடுத்து மற்றதில் பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்குங்கள். தீர்மானத்தை அங்கேயே எழுதி வாசிக்கச் சொல்லி, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நகல் தரவில்லை என்றால் ரூ.10 கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் தீர்மான எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். அலுவலகம் மாறிப் போட்டாலும், உரிய இடத்துக்கு 5 நாளில் அவர்களே அனுப்ப வேண்டும்.

15. கிராம சபையில தீர்மானம் போட்டுட்டா அரசு கட்டுப்படணுமா?

ஊராட்சியின் கையில் உள்ள வேலை என்றால் ஆம். பயனாளிப் பட்டியல், வளர்ச்சித் திட்டம், வரவுசெலவு இவற்றுக்கெல்லாம் சபையின் ஒப்புதல் தேவை. சுரங்கம், விமான நிலையம், நெடுஞ்சாலை போன்றவற்றில் தீர்மானம் மட்டுமே திட்டத்தை நிறுத்தாது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது, திட்டம் கைவிடப்படவில்லை. ஆனால் அது வீணான தாளும் இல்லை. நீதிமன்றத்தில், கருத்துக்கேட்பில், சட்டமன்றத்தில் ‘ஊர் என்ன சொன்னது’ என்பதற்கு எழுத்துச் சான்று அது ஒன்றுதான்.

16. எங்க ஊரு ஏரி, ரோடு எல்லாம் பஞ்சாயத்தோடதுதானே?

எல்லாம் இல்லை. ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 40 எக்டேருக்குக் குறைந்த சிறுபாசன ஏரி ஒன்றியத்தின் பராமரிப்பில் வரும். அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறை. ஊருணி, குளம், குட்டை ஊராட்சியுடையது. தெருவும் ஊருக்குள் போகும் சாலையும் ஊராட்சி, ஊர்களை இணைப்பது பெரும்பாலும் ஒன்றியச் சாலை, மாவட்ட மாநிலச் சாலைகள் நெடுஞ்சாலைத் துறை. மைல்கல்லோ பெயர்ப்பலகையோ இல்லாத சாலையாக இருந்தால் ஒன்றியப் பொறியாளர் பிரிவிலுள்ள சாலைப் பதிவேட்டில் பார்த்துவிடலாம். ஆக்கிரமிப்பு என்றால் யாருடைய ஏரியானாலும் அளக்க வேண்டியவர் வருவாய்த் துறை நில அளவர். இரண்டாம் பதிலின் பிரிவினை இங்கும் பொருந்தும்.

17. இருபது வருசமா வீட்டு வரி கட்டுறேன், ரசீது இருக்கு. இடம் எனக்குச் சொந்தம்தானே?

வரி ரசீது, அந்த வீட்டுக்கு நீங்கள் வரி கட்டினீர்கள் என்பதற்கு மட்டுமே சான்று. உரிமைக்கு ஆவணம் பத்திரமும் பட்டாவும்தான். புறம்போக்கில் உள்ள வீட்டுக்கும் வரி போடுவார்கள், மின் இணைப்பும் கிடைக்கும். அதனால் புறம்போக்கு பட்டா நிலமாகாது. புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு: 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரையான வீட்டுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்தில் அனுமதி கிடைக்கிறது. மனைப்பிரிவு அங்கீகாரம் இல்லாததாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். முதலில் மனையை வரன்முறை செய்ய வேண்டும்.

18. வார்டு மெம்பர்கள் எல்லாம் சேர்ந்து தலைவரைத் தூக்க முடியுமா?

ஒன்றிய சேர்மனையும் ஊராட்சித் துணைத் தலைவரையும் முடியும். அவர்கள் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்; நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாம். ஊராட்சித் தலைவர் மக்களால் நேரே தேர்ந்தெடுக்கப்பட்டவர், அவருக்கு வழி வேறு: 205ஆம் பிரிவு. ஆட்சியர் குற்றச்சாட்டுகளைச் சொல்லி விளக்கம் கேட்பார். விளக்கம் போதாது என்றால் வட்டாட்சியர் உறுப்பினர்களைக் கூட்டி அவர்கள் கருத்தைப் பதிவு செய்து அனுப்புவார். அதைப் பார்த்தபின் நீக்குவதா விடுவதா என்று ஆட்சியர் முடிவு செய்வார். இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டினாலும், உத்தரவில் காரணம் எழுதாவிட்டாலும் உயர் நீதிமன்றத்தில் நிற்காது.

19. தேர்தலே நடக்கலேன்னா ஊரை யார் பார்ப்பாங்க?

தனி அலுவலர். இது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1970க்குப் பின் அடுத்த ஊராட்சித் தேர்தல் 1986இல். அதன் பதவிக்காலம் முடிந்து 1996 வரை மறுபடி அலுவலர் ஆட்சி. 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தபின் ஐந்தாண்டுக்கொரு தேர்தல் கட்டாயமானது. 1996, 2001, 2006, 2011 ஒழுங்காக நடந்தன. 2016 தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பர் 27, 30இலும், எஞ்சிய ஒன்பதுக்கு 2021 அக்டோபர் 6, 9இலும்தான் வாக்குப்பதிவு. அந்த 27 மாவட்ட மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

அலுவலர் காலத்தில் ஒரு லாபம்: பதின்மூன்றாம் கேள்வியின் சண்டை இருக்காது. நட்டம் பெரிது. ஒரே அலுவலர் பல ஊராட்சிக்கும் கையெழுத்துப் போடுவார், இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்ட ஆள் இருக்காது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்திவைக்கப்படும். கிராம சபை மட்டும் நின்றுவிடாது. அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

20. எங்க பஞ்சாயத்தை நகராட்சியோட சேர்க்கப் போறாங்களாம். நல்லதா கெட்டதா?

யாருக்கு என்பதைப் பொறுத்தது. பாதாளச் சாக்கடையும் பெரிய சாலையும் வர வாய்ப்புண்டு, மனை விலை ஏறும். சொத்து வரி கூடும், காலிமனைக்கும் வரி வரும். ஊரக வேலைத் திட்டம் நகர்ப்புறத்தில் கிடையாது, ஆகவே அந்தக் கூலியை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு நேரடி இழப்பு. தலைவர் பதவி போய், ஊர் ஒரு வார்டின் பகுதியாகிவிடும். கிராம சபைக்குப் பதில் பகுதி சபை வரும்; அதற்கு இந்த வலு கிடையாது.

எதிர்ப்பு இருந்தால், செய்தி கசிந்தவுடன் மறியல் செய்வதைவிட ஆட்சேபணைக் காலத்தில் எழுத்தில் கொடுப்பதுதான் கணக்கில் ஏறும். எத்தனை குடும்பங்கள் விவசாயக் கூலியில் இருக்கின்றன, ஊராட்சியின் சொந்த வருமானம் எவ்வளவு, விளைநிலம் எத்தனை ஏக்கர் என்ற விவரங்களையும் பதினான்காம் பதிலில் சொன்னபடி எண் குறித்து வைத்த கிராம சபைத் தீர்மானத்தின் நகலையும் சேர்த்து, ஆட்சியருக்கும் அறிவிக்கையில் குறிப்பிட்ட செயலருக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவஞ்சலில் அனுப்புங்கள். அறிவிக்கையில் உள்ள கடைசி நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். அஞ்சலில் போட்ட நாள் கணக்கில்லை.